மேட்டூர் மீனுக்கு எந்த ஊர்?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் பற்றிய செய்தியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஓர் ஆடி மாதமும் கழிவதில்லை. எத்தனை அடி, எத்தனை டி.எம்.சி., வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்ற நான்கு எண்களை வைத்துக்கொண்டே ஜூன் 12-ல் மதகு திறக்குமா, குறுவை உண்டா, சம்பாவாவது தேறுமா என்று தஞ்சாவூர்ப் பக்கம் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதே எண்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. பண்ணவாடி, கோட்டையூர், சேத்துக்குளி, நாகமரை, ஏமனூர் என்று நீர்ப்பரப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் பரிசலும் வலையுமாகப் பிழைப்பவர்கள். தண்ணீர் ஏறினால் மீன் கலைந்துவிடும். இறங்கினால் ஓரிடத்தில் சேரும். அடியோடு வற்றினால் தொழிலே இல்லை. இந்தக் கணக்கை எந்தச் செய்தியிலும் வாசிப்பதில்லை.

மீனை மட்டும் எல்லோருக்கும் தெரியும். சேலத்திலும் ஈரோட்டிலும் ‘மேட்டூர் டேம் மீன்’ என்று பலகை வைத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் தானாக வரும். அணைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், முனியப்பனுக்குக் கிடா வெட்ட வருகிறவர்கள், ஆடிப்பெருக்குக்குத் தலைமுழுக வருகிறவர்கள் எல்லோரும் மசாலா தடவி எண்ணெயில் போட்ட ஒரு துண்டு மீனையாவது ருசி பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். அந்தத் துண்டு எந்த மீன், அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது, இனியும் வந்துகொண்டிருக்க என்ன வேண்டும் என்று கேட்கப்போனால் காவிரியின் நூறு வருடக் கதை வந்து நிற்கிறது.

ஊர்களுக்கு மேல் ஒரு கடல்

1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்த அணை இது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் அரசு ஆவணங்களில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பினால் தண்ணீர் விரிந்து கிடக்கும் பரப்பு 59.25 சதுர மைல், அதாவது 15 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல். அதற்கு அடியில் ஊர்கள் இருந்தன. நீர்மட்டம் சரியும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைகளில் படம் வரும், பார்க்கக் கூட்டம் போகும். வலை போடுகிறவர்களுக்கு அது வேறு சேதி. நந்தி தெரிந்தால் கரை பின்வாங்கிவிட்டது, பரிசலையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தேடி நகர வேண்டும் என்று பொருள்.

இந்த நீர்த்தேக்கத்தைப் போல ஏறி இறங்கும் நீர்நிலை குறைவு. 2017 கோடையில் 20 அடியை ஒட்டிக் கிடந்த அணை, அடுத்த வருடம் ஜூலையிலேயே 120 அடியை எட்டியது. 2023 அக்டோபரில் 30 அடி அளவுக்கு இறங்கியது, 2024 ஜூலை முடிவதற்குள் மறுபடி நிரம்பி வழிந்தது. பாசனத்துக்கு இது வரமும் சாபமும். மீனுக்கு இது வீடு பல மடங்கு விரிவதும் சுருங்குவதும். தண்ணீர் ஏறும்போது கரையோரப் புல்லும் சருகும் மூழ்கி அழுகும், அதில் நுண்ணுயிர் பெருகும், குஞ்சுக்கு நல்ல தீனி. இறங்கும்போது அதே கரையோரத்தில் ஒட்டியிருந்த முட்டைகள் வெயிலில் காயும். வற்றிய நிலத்தில் சோளமும் எள்ளும் விதைப்பார்கள். ஒருவர் வலையைச் சுருட்டுகிற இடத்தில் இன்னொருவர் ஏர் பூட்டுகிறார்.

அணையை மீனுக்காக யாரும் கட்டவில்லை. மதகு திறக்கும் தேதியை நெல் முடிவு செய்கிறது, வரத்தைக் கர்நாடகத்தின் மழையும் அங்குள்ள அணைகளும் முடிவு செய்கின்றன. மீன் கடைசி வரிசையில் நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் மீன்பிடிப்பு குறைந்துவிட்டது என்று மீனவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வடக்கிலிருந்து வந்த கட்லா

மேட்டூர் மீன் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கட்லாதான். பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், பருத்த வயிறு. காவிரிக்கு அது அந்நியன். கங்கை, பிரம்மபுத்திரா தொடங்கி கோதாவரி, கிருஷ்ணா வரைதான் அதன் இயற்கையான எல்லை. 1907-ல் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியில் தொடங்கிய சென்னை மாகாண மீன்துறை, வடக்கேயிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டது. ஆற்றில் அது வேர் பிடித்தது. பின்னர் அணை கட்டி இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு கிடைத்ததும் கட்லாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அதோடு ரோகு, மிர்கால் இரண்டும் சேர்ந்து மூன்றும்தான் இன்று நம் அணை மீன்களின் முதல் வரிசை.

மூன்றும் ஒரே தண்ணீரில் சண்டையில்லாமல் வாழ்வதற்குக் காரணம் வாய்தான். கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாயைத் திறந்து சலித்துத் தின்னும். ரோகுவின் உதட்டில் கிழிந்த ஓரம் போலச் சிறு விளிம்பு இருக்கும், அது நடுமட்டத்தில் பாசியையும் செடிப்பொருளையும் கொறிக்கும். மிர்கால் அடியில் சேற்றைக் கிளறி மட்கியதைத் தின்னும். மேல், நடு, அடி என்று மூன்று தளமும் நிரம்புவதால்தான் இந்த மூன்றையும் சேர்த்தே விடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த மூன்றும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. புதுவெள்ளம் வேண்டும், ஓட்டம் வேண்டும், வெள்ளம் மூழ்கடித்த ஆழமில்லாத கரை வேண்டும். ஆடியில் ஒகேனக்கல் பக்கமிருந்து செந்நிறத் தண்ணீர் இறங்கும்போது சினை மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே போவது அதற்காகத்தான். ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். அதில் பெரிய மீனாவது எத்தனை என்பது வெள்ளம் எத்தனை நாள் நிலைத்தது என்பதைப் பொறுத்தது. மழை பொய்த்த வருடத்தில் சினை அப்படியே வயிற்றுக்குள் கரைந்து போகும்.

1957 வரை இந்தியா முழுவதும் இதுதான் நிலை. குளத்தில் மீன் வளர்க்க வேண்டுமானால் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிக் குஞ்சு பிடிக்க வேண்டும், அதில் எது கட்லா, எது குஞ்சைத் தின்னும் வாளை என்று பிரிப்பதே பெரும்பாடு. அந்த வருடம் ஜூலை 10-ம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அதன் சாற்றை ஊசி மூலம் இன்னொரு மீனுக்குச் செலுத்தி, தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிட வைத்துக் காட்டினார். ஜூலை 10 இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினம். மேட்டூரிலும் பவானிசாகரிலும் இருக்கும் அரசு மீன் பண்ணைகள் அந்த ஊசியின் வாரிசுகள். இன்று அணையில் பிடிபடும் கட்லாவில் பெரும்பங்கு ஆற்றில் பிறந்ததல்ல, தொட்டியில் பிறந்து லாரியில் வந்து இறங்கியது. மேட்டூர் மீனுக்குச் சொந்த ஊர் கேட்டால் பண்ணையின் முகவரியைத்தான் சொல்ல வேண்டும்.

விருந்தாளியும் வீட்டுக்காரனும்

கட்லா மட்டும்தான் வெளியூர் என்றில்லை. ஊட்டி ஏரியில் இருக்கும் சாதாக் கெண்டையின் கண்ணாடிச் செதில் வகை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிட்டுச் செடிகளில் ஒட்டிவிடும் என்பதால் அதற்கு வெள்ளத்தின் தயவு தேவையில்லை. ஜிலேபி மீன் 1952-ல் மண்டபத்தில் வந்திறங்கியது. ஏழைக்கான புரதம் என்று நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். தாய்மீன் முட்டைகளை வாயில் அடைகாக்கும், குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்தென்றால் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். அப்படிப்பட்ட தாய் இருக்கும் இனம் அழியுமா? அமராவதி அணையில் அது மற்ற மீன்களை ஓரங்கட்டிப் பிடிப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. மேட்டூரிலும் இப்போது ஜிலேபி இல்லாத வலை இல்லை. மலிவு, முள் குறைவு, பொரித்தால் ருசி என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஒரு நாட்டில் விரும்பி விட்ட மீன் இன்னொரு நாட்டில் தொல்லையாவது உலகம் முழுக்க நடக்கிற கதைதான். அமெரிக்காவில் அணைகளில் தூண்டில் போடுகிறவர்களின் செல்லம், பெரிய வாய்ப் பாஸ் என்ற வேட்டை மீன். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ்தான் அந்த மீனில் உலக சாதனை. அதைச் சமன் செய்த மீன் பிடிபட்டது அமெரிக்காவில் அல்ல, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில். அந்த ஏரி இருக்கும் ஷிகா மாவட்டத்திலோ பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கே தடை, ஏனென்றால் ஏரியின் சொந்த மீன்களை அது தின்று தீர்க்கிறது. அங்கே பாஸ் தொல்லை என்றால் ஆஸ்திரேலியாவில் கெண்டை தொல்லை. நம் ஊரில் அந்த வேட்டைக்கார வேலையைச் செய்ய விராலும் வாளையும் ஏற்கெனவே இருக்கின்றன. பாஸைக் கொண்டுவரும் யோசனை யாருக்கும் வராமல் இருக்கட்டும்.

இவ்வளவு விருந்தாளிகள் வந்த வீட்டில் வீட்டுக்காரன் எங்கே? காவிரிக்கென்றே இருந்த கெண்டைகள் பல. கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை எல்லாம் ஒரு காலத்தில் கூடைகூடையாகக் கரையேறியவை. இன்று கட்லாவுக்கு நடுவே அகப்பட்டால் உண்டு. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும் உல்லம், வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாவேதான், முன்பு காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. அணைக்கட்டுகள் வழியை மறித்தன, மேட்டூர் வந்து வெள்ளத்தையே நிறுத்தி வைத்தது, உல்லம் நின்றுபோனது. டெல்டாவுக்குச் சோறு போட்ட அணைக்கு இது கொடுத்த விலை. இந்த விலையை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

இன்னும் பெரிய இழப்பு மாசீர். 1946-ல் மைசூர்ப் பக்கம் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ. உலகத் தூண்டில்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் மீன் அது. முதுகில் திமில் போன்ற மேடு கொண்ட அந்த இனம் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஆனாலும் அதற்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018-ல்தான் உறுதியானது: டோர் ரேமாதேவி. பெயர் உறுதியான அதே வருடம் மிக அருகிய இனம் என்ற சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. அணைகள், மணல் கொள்ளை, வெடி, அதோடு தூண்டில் விளையாட்டுக்காக ஆற்றில் விட்ட வேறு மாசீர் இனம் என்று எல்லாம் சேர்ந்து அதை ஒடுக்கின.

பரிசலுக்குள் இருந்து பார்த்தால்

மேட்டூர் மீனவரின் சொத்து பரிசல். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாக முடைந்து, அடியில் ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள். பிறகு சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன, அதன் மேல் தாரைக் காய்ச்சிப் பூசினார்கள். இப்போது பைபர் பரிசல்களும் நிறைய. ஒற்றைத் துடுப்பு. வட்டமான கலம் என்பதால் ஒரு பக்கம் துழாவினால் சுழலும், முன்னால் துடுப்பை வைத்து எட்டு போட்டாற்போல் இழுத்தால்தான் நேராகப் போகும். பல பரிசல்களில் கணவனும் மனைவியுமாகப் போகிறார்கள். ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை. இருவரும் எழுந்து நிற்க முடியாது, குந்தியபடியேதான் எல்லா வேலையும்.

பொழுது சாயும்போது வலை விடுவார்கள். மெல்லிய நைலான் நரம்பில் பின்னிய வலை, மேல் கயிற்றில் மிதவை, கீழே கனம். மீன் வரும் வழியில் திரை போல நிற்கும். தலை நுழைந்தால் செவுள் மாட்டும், பின்வாங்க முடியாது. ரங்கூன் வலை என்று ஒரு வகை உண்டு. அதற்கு அடிக்கயிறே கிடையாது, தளர்வாகத் தொங்கும். மீன் முட்டினால் வலை அதைச் சுற்றிக்கொள்ளும். பெரிய கட்லாவுக்கும் வாளைக்கும் அது. விடியும் முன் போய் இழுக்கும்போதுதான் கஷ்டம் தெரியும். ஈர வலையின் பாரம், விரலிடுக்கில் நரம்பு அறுக்கும் வலி, நடுவில் மூழ்கிய கட்டையில் சிக்கினால் கிழிந்த வலை. ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கி, கண்ணியை விலக்கி எடுக்க வேண்டும். கெளுத்தி என்றால் முள்ளைப் பார்த்துத் தொட வேண்டும். குத்தினால் கை அன்று முழுதும் கடுக்கும். கரைக்கு வந்ததும் ரகம் பிரித்து எடை போடுவார்கள். கட்லா தனி, ஜிலேபி தனி, ஆரால் தனி. மேட்டூருக்கே பேர் சொல்லும் அரஞ்சான் கிடைத்தால் அது கடைக்குப் போகும் முன்பே விலை போய்விடும்.

எல்லா அணையிலும் ஒரே ஏற்பாடு இல்லை. மேட்டூரில் அரசிடம் உரிமம் எடுத்து மீன்பிடிக்கிறார்கள். வேறு சில அணைகளில் பிடித்ததில் இவ்வளவு அரசுக்கு, இவ்வளவு மீனவருக்கு என்று பங்கு. இன்னும் சிலவற்றை மொத்தமாகக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைக்காரருக்குக் காலக்கெடு உண்டு. அவர் கெடு முடிவதற்குள் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார், அடுத்த வருடக் குஞ்சைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? என் கேள்வியெல்லாம் உரிமமா, குத்தகையா என்பதல்ல. வலைக்கண் எவ்வளவு பெரியது என்பதுதான்.

ஆழியாறில் நடந்தது

வலைக்கண்ணில் இருக்கிறது எல்லாம். கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் நழுவிப் போய் வளரும். கண் சிறிதானால் கால் கிலோ கட்லாவும் மாட்டும், அது ஒரு முறைகூடச் சினை பிடிக்காமல் சட்டிக்குப் போகும். மீன் குறையக் குறைய வலைக்கண் சிறுக்கிறது, சிறுக்கச் சிறுக்க மீன் இன்னும் குறைகிறது. இதுதான் இந்திய அணைகள் பலவற்றின் கதை. வி.வி. சுகுணன் 1995-ல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்புக்காக எழுதிய அறிக்கையில், நாட்டின் பெரிய நீர்த்தேக்கங்களில் ஹெக்டேருக்கு வருடத்துக்குச் சராசரியாக 11 கிலோ சொச்சம் மீன்தான் கிடைக்கிறது என்று கணக்குக் காட்டினார். சிறியவற்றில்கூட 50 கிலோதான்.

அதே அறிக்கையில் பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஆழியாறு வேறொரு கதை சொன்னது. சுமார் 650 ஹெக்டேர் அணை. அங்கே 1985 வாக்கில் பெரிய தொழில்நுட்பம் எதையும் கொண்டுவரவில்லை, பழக்கத்தை மாற்றினார்கள். முன்பு கையில் கிடைத்த குஞ்சையெல்லாம் கண்டபடி கொட்டினார்கள். அதை நிறுத்தி, வேகமாக வளரும் பெருங்கெண்டைகளை மட்டும் விட்டார்கள். விரல் நீளத்துக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்த்த குஞ்சை மட்டுமே விட்டார்கள், ஏனென்றால் அதற்குச் சிறிய குஞ்சு வாளைக்கும் விராலுக்கும் நாம் போடும் தீனி. ஒரே நாளில் கொட்டாமல் வருடம் முழுவதும் பிரித்து விட்டார்கள். எண்ணிக்கையையும் அளவோடு வைத்தார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லா, ரோகு, மிர்காலைப் பிடிக்கக் கூடாது என்று கட்டாயமாக்கி, வலைக்கண் விதியைக் கறாராகப் பார்த்தார்கள். பலன், ஹெக்டேருக்கு 194 கிலோ.

ஆழியாறு சின்ன அணை, மேட்டூரைப் போல இருபது மடங்குக்கும் மேல் பெரிய பரப்பில் அதே எண்ணிக்கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் குஞ்சின் நீளமும் வலைக்கண்ணும் எந்த அளவு அணைக்கும் பொருந்தும். இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்று படமெடுத்துப் போடும் விழாக்களில், அந்தக் குஞ்சு எத்தனை சென்டிமீட்டர் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

தக்கை ஆடும் நேரம்

வலை தொழில். தூண்டில் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா தெரியவில்லை. அதில் விழுந்தவர்கள் அதை அப்படிச் சொல்ல ஒப்புவதில்லை. தமிழ்நாட்டில் அதற்குப் பழைய வரலாறும் உண்டு. மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு புத்தகம் போட்டார், அது போதாதென்று 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொன்று எழுதினார்.

இன்று கரையில் இரு தரப்பைப் பார்க்கலாம். ஒரு தரப்பு மூங்கில் குச்சி, தங்கூஸ் நரம்பு, தக்கை, ஈயம், மண்புழு. மறு தரப்பு இணையத்தில் வாங்கிய ராடும் ரீலும், பை நிறைய ரப்பர் தவளையும். கெண்டைக்கு இருவருடைய மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றே: மைதாவும் வறுத்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. வீட்டுக்கு வீடு அதில் ஒரு ரகசியம் சேரும், ஏலக்காய், வெல்லம், பெருங்காயம் என்று. வேலை செய்கிறதோ இல்லையோ, அதைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கட்லாவுக்கு உருண்டையைச் சுற்றிப் பல முள்களைப் பதித்துத் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். உருண்டை கரைந்து தூளாகப் பரவும், கட்லா முட்டி முட்டி அந்தத் தூளை உறிஞ்சும், முள்ளும் சேர்ந்து வரும். மிர்கால் கடித்தால் தக்கை தயங்கித் தயங்கி ஆடும். ரோகு மாட்டினால் கேட்க வேண்டாம், நரம்பு பாடும்.

விராலுக்கு வேறு பாடம். அது ஒளிந்திருந்து பாயும் ஜாதி. தாமரை இலைக்கும் கோரைக்கும் இடையே தவளை போல எதையாவது தத்தித் தத்தி இழுத்தால் தண்ணீர் வெடித்தாற்போல் வரும். விராலின் குஞ்சுகள் செந்நிறப் பந்து போலக் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தப் பந்துக்கு மேல் தூண்டிலை எறிந்தால் காவல் மீன் கோபத்தில் கடிக்கும் என்று தெரிந்து சிலர் அதையே செய்கிறார்கள். பெற்றோரைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டம் அரை மணி நேரத்தில் மற்ற மீன்களின் வயிற்றில் இருக்கும். அதை வீரம் என்று வீடியோ போடுவது அசிங்கம்.

மதகு மூடிய மறுநாள்

அணை நிரம்பி 16 கண் மதகு வழியாக உபரி நீர் போகும் காட்சிக்கு ஊரே திரளும். எனக்குப் பார்க்க வேண்டியதாகத் தோன்றுவது மதகை மூடிய பிறகு நடப்பது. வெள்ளத்தோடு வந்து விழுந்த மீன்கள் பாறை இடுக்குகளிலும் குட்டைகளிலும் மாட்டிக்கொள்ளும். குட்டை வெயிலில் சூடாகும், தண்ணீரில் காற்று குறையும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இளைஞர்கள் கையாலும் வேட்டியாலும் கொசுவலையாலும் அள்ளுவார்கள். அள்ளியது போக மிச்சம் செத்து மிதந்து நாறும். மதகைப் படிப்படியாகக் குறைத்து மூடுவதும், பெரிய குட்டைகளில் சிக்கியவற்றை மீன்துறையே மீட்டு ஆற்றில் விடுவதும் செய்ய முடியாத காரியமல்ல.

பாறையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. மேலே எவ்வளவு வரத்து என்று தெரியாமல் மதகுக்குக் கீழே நிற்காதீர்கள். சங்கு ஊதினால் மீனை விட்டுவிட்டு ஏறுங்கள்.

மேல்பக்கம் வேறொரு பிரச்சினை. நீர் தேங்கி நிற்கும் மாதங்களில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிறது. கரையோர மக்கள் நாற்றம் தாங்காமல் புகார் செய்ய, நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கிறார்கள். வற்றிய நிலத்தில் போட்ட உரம், ஆற்றில் வந்து சேரும் சாக்கடை எல்லாம் பாசிக்குத் தீனி. பாசி பெருகிச் சாகும்போது தண்ணீரின் காற்றைத் தின்றுவிடும். தெளிப்பது நாற்றத்துக்கு மருந்து. தீனியை நிறுத்த வேண்டிய இடம் மேலே, ஆற்றோரம்.

வெடி போடுவதும் விஷம் கலப்பதும் புதிய குற்றங்கள் அல்ல. 1897-ம் வருட இந்திய மீன்பிடிச் சட்டமே இரண்டையும் தடை செய்தது. நூற்றிருபத்தைந்து வருடம் தாண்டியும் ஆற்றில் தோட்டா வெடிக்கிறது. ஒரு வெடியில் நான்கு பெரிய மீன் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாமல் நாலாயிரம் குஞ்சு அடியில் போய்ப் படியும்.

இதில் மழையும் மதகும் நம் கையில் இல்லை. குஞ்சின் அளவு அரசின் கையில். மூன்றாவதாக ஒன்று உங்கள் கூடையில் இருக்கிறது. அரைக் கிலோ கட்லாவை வாங்க ஆள் இருக்கும்வரை அதைப் பிடிக்கும் வலையும் இருக்கும். அடுத்த முறை மேட்டூர் சாலையில் வண்டியை நிறுத்தும்போது, கட்லா, ரோகு, மிர்கால் எதுவானாலும் ஒரு கிலோவுக்கு மேல் உள்ளதை மட்டும் எடை போடச் சொல்லுங்கள். பெரிய மீன் இல்லையென்றால் ஜிலேபி வாங்குங்கள். அது எளிதில் குறையாது. வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன ‘டேங்க் கிளீனர்’ மீனையும், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றிலோ அணையிலோ விடாதீர்கள்.